ரைசன் 5 5600ஜி வச்சு கம்மி பட்ஜெட்ல பிசி: யாருக்கு செட் ஆகும், யாருக்கு ஆகாது

கையில காசு கம்மி, ஆனா பிசி ஒண்ணு அசெம்பிள் பண்ணியே ஆகணும்னு வர்றவங்க முக்காவாசி பேரு முதல்ல கேக்கிறது "எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்"னுதான். நான் அவங்க எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், இப்போதைக்கு கார்டே வேண்டாம், ஏஎம்டியோட ரைசன் 5 5600ஜி எடுத்துக்கங்க, கார்டுக்குன்னு வச்சிருந்த காசுல ஒரு பங்கை பவர் சப்ளை, மதர்போர்டு, ரேம் இந்த மூணுலயும் போட்டுட்டு மிச்சத்தை அப்படியே சேத்து வைங்க. நான் தினமும் வேலை பாக்கிற மிஷின்லயே இந்த ப்ராசசர்தான் ஓடுது, சொந்தக்காரப் பசங்க படிப்புக்கு கேட்டப்பவும் இதையே போட்டுக் குடுத்திருக்கேன். அதனால இதுல எது நல்லாருக்கு, எது காலை வாரும்னு ஒளிவு மறைவு இல்லாம எழுதிடறேன்.

இது 2021ல வந்த ப்ராசசர். ஆறு கோர், பன்னெண்டு த்ரெட், ஏஎம்டியோட ஜென் 3 (Zen 3) டிசைன், பூஸ்ட் ஆனா 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டோட கணக்கு) 65 வாட். உள்ளயே வேகா கிராபிக்ஸ் இருக்கு, பாக்ஸ்லயே ரெய்த் ஸ்டெல்த் கூலரும் வந்துடும், ஆக டிஸ்ப்ளேக்கு தனியா கார்டு வாங்க வேண்டாம், கூலரும் தனியா வாங்க வேண்டாம். பழசுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா ப்ரௌசர்ல இருபது முப்பது டேப் திறந்து வச்சுக்கிட்டு பக்கத்துல கோடு எழுதறது, ஆபீஸ் வேலை, போட்டோ எடிட்டிங், 1080பி வீடியோவை வெட்டி ஒட்டறது, இதுக்கெல்லாம் இன்னைக்கும் கொஞ்சம்கூட தடங்கல் இல்லாம ஓடுது. சும்மா இருக்கிறப்ப கரண்டும் ரொம்ப கம்மியா இழுக்கும், ஏன்னா ஜி இல்லாத 5600 மாதிரி ரெண்டு சிப்பை ஒட்டி வச்சது இல்ல, எல்லாமே ஒரே சிப்புல இருக்கு.

கேம் விஷயத்துக்கு வருவோம், இதுலதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. வாலரண்ட், ராக்கெட் லீக், டோட்டா 2 மாதிரி கேம்லாம் 1080பில செட்டிங்ஸை இறக்கி வச்சா சந்தோஷமா விளையாடலாம். பெரிய பெரிய புது கேம்லாம் 720பிக்கு இறக்கி, எஃப்எஸ்ஆர் (சின்ன படத்தை பெருசாக்கிக் காட்டற ஏஎம்டி டெக்னிக்) ஆன் பண்ணி, அப்பவும் முப்பது எஃப்பிஎஸ்க்கு (விநாடிக்கு முப்பது ஃப்ரேம்) முட்டி மோதற நிலைமைதான், சில கேம் அதுக்கும் வராது. புது கேம் விளையாடறதுதான் முக்கிய நோக்கம்னா இந்த வழி உங்களுக்கு இல்ல, தைரியமா 5600ஜியை விட்டுடுங்க.

ஏன் விடணும்னா, வேகாவை உள்ள சேக்கறதுக்காக இதுல சில விஷயத்தை குறைச்சிருக்காங்க. ஜி இல்லாத சாதா 5600ல எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்கிற வேக மெமரி) 32 எம்பி, இதுல பாதிதான், 16 எம்பி. கேமுக்கு அந்த கேஷ் ரொம்ப முக்கியம், ஒரே கார்டை ரெண்டுலயும் மாத்தி மாத்திப் போட்டா 5600தான் முன்னாடி நிக்கும். அந்த 5600ல பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசசரோட பேசற பாதை) 4.0 இருக்கு, இதுல 3.0தான், போர்டு எவ்ளோ ஒசத்தியா வாங்கினாலும் 3.0தான். அதனால கார்டையும் இன்னைக்கே சேத்து வாங்கறதா இருந்தா கண்ண மூடிக்கிட்டு 5600 எடுங்க. கார்டு அப்புறம் பாத்துக்கலாம்னா மட்டும் 5600ஜி. இந்த ஒரு முடிவை எடுத்துட்டீங்கன்னா மத்த பார்ட்ஸ் எல்லாம் அதுவா வரிசைக்கு வந்துடும்.

பேர்ல இருக்கிற எழுத்தை ரெண்டு தடவை பாத்துட்டு பில் போடுங்க. 5500னு ஒண்ணு இருக்கு, விலையும் கம்மியா இருக்கும், ஆனா அது கிராபிக்ஸை ஆஃப் பண்ணிட்டு விக்கிற அதே குடும்பத்து சிப்பு, கேஷும் 16 எம்பிதான், பிசிஐஇயும் 3.0தான், கார்டு இல்லாம ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வராது. 5500ஜிடி, 5600ஜிடி ரெண்டும் 2024ல வந்தது, அதுல கிராபிக்ஸ் இருக்கு, 5600ஜியை விட கம்மி விலைக்கு கெடைச்சா தாராளமா எடுக்கலாம். இன்டெல் பக்கம் 12100எஃப்னு எல்லாரும் சொல்லுவாங்க, நல்ல ப்ராசசர்தான், நாலு கோர்ன்னாலும் கேம்ல அருமையா போகும், ஆனா கடைசில இருக்கிற அந்த எஃப்னா கிராபிக்ஸ் இல்லேன்னு அர்த்தம். எஃப் இல்லாத 12100 எடுத்தா டிஸ்ப்ளே வரும், ஆனா அதுல இருக்கிற யுஎச்டி 730 கேமுக்கு வேகா பக்கத்துலயே வராது. கேமே வேண்டாம், டைப்பிங்கும் ப்ரௌசிங்கும் போதும்னா 12100 ஒரு நல்ல சாய்ஸ்.

இப்ப ரேம். 5600ஜி எடுத்துட்டு ரேம்ல கோட்டை விட்டா பாதி ப்ராசசரை பெட்டிக்குள்ளயே வச்ச மாதிரிதான். கார்டுல அதுக்குன்னு தனி மெமரி இருக்கும், வேகாவுக்கு அப்படி எதுவும் கெடையாது, உங்க ரேமைத்தான் அதுவும் பங்கு போட்டுக்கும். டிடிஆர்4 3200 ஸ்டிக் ஒண்ணு மட்டும் போட்டா விநாடிக்கு 25.6 ஜிபிதான் போக முடியும், ரெண்டு ஸ்டிக் போட்டா 51.2. ப்ராசசரும் கிராபிக்ஸும் ஒரே குழாய்ல தண்ணி பிடிக்குது, குழாயை ரெண்டாக்கினா என்ன ஆகும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. "இப்ப ஒரு 16 ஜிபி ஸ்டிக் போடுங்க, அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்"னு கடைல சொன்னா கேக்காதீங்க, எட்டு எட்டா ரெண்டு ஸ்டிக் இருக்கிற கிட்டா வாங்குங்க. கார்டு போட்ட பிசில அந்த அட்வைஸ் ஓரளவுக்கு சரி, இங்க சரிப்படாது.

வாங்கி மாட்டினா மட்டும் முடிஞ்சுடாது. பல கிட்டை முதல் தடவை ஆன் பண்றப்ப 2133, 2400, 2666னு ஏதோ ஒரு ஸ்பீட்லதான் ஓடும், பயாஸ்க்குள்ள (போர்டோட செட்டிங்ஸ் மெனு) போய் எக்ஸ்எம்பி இல்லேன்னா டிஓசிபின்னு இருக்கிறதை, அதாவது ரேமை அதோட முழு ஸ்பீட்ல ஓட வைக்கிற செட்டிங்கை, நீங்கதான் ஆன் பண்ணணும். போர்டுல நாலு ஸ்லாட் இருந்தா பெரும்பாலும் ப்ராசசர் பக்கத்துல இருந்து ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் மாட்டணும், பக்கத்து பக்கத்துல மாட்டினா ரெண்டும் ஒரே சேனல்ல போய் உக்காந்துக்கும். சரியா ஓடுதான்னு பாக்க விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துக்கு போங்க, ஸ்பீடுன்னு இருக்கிற இடத்துல 3200 இருக்கணும். சிபியு-இசட்ங்கிற (ப்ராசசர், ரேம் விவரம் காட்டற) சாஃப்ட்வேர்ல பாத்துட்டு 1600தான் காட்டுதேன்னு பயந்துடாதீங்க, அது டிடிஆர் கணக்குல பாதியைக் காட்டும், 1600 வந்தா 3200 ஓடுதுன்னு அர்த்தம். அதே சிபியு-இசட்ல சேனல் டூயலா சிங்கிளான்னும் பாத்துக்கலாம். நான் பாத்த மிஷின்கள்ல மாசக்கணக்கா 2400லயே, அதுவும் சிங்கிள் சேனல்ல ஓடிட்டு இருந்தது உண்டு, "இந்த ப்ராசசர் வேஸ்ட்"னு திட்டிக்கிட்டே யூஸ் பண்ணிட்டு இருந்தாங்க, ஸ்டிக்கை ஸ்லாட் மாத்தி எக்ஸ்எம்பி ஆன் பண்ணதும் அதே கேம் ஆளே மாறிப்போன மாதிரி ஓடுச்சு.

அப்படியே பயாஸ்ல கிராபிக்ஸுக்கு ஒதுக்கற மெமரி எவ்ளோன்னும் பாத்துக்கங்க, யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர்னு இருக்கும். ஆட்டோல விட்டா பல போர்டு 512 எம்பிதான் ஒதுக்கும், சில கேம் அதைப் பாத்துட்டு மெமரி பத்தாதுன்னு முறைக்கும், 2 ஜிபி வச்சுட்டா பிரச்சனை இல்ல. ஆனா அந்த 2 ஜிபி உங்க 16ல இருந்துதான் போகும், அதனாலதான் 8 ஜிபி மட்டும் போட்டு சமாளிக்கலாம்ங்கிற கதை இந்த ப்ராசசர்ல எடுபடாது. 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டருங்க மெமரியை அள்ளிட்டு போறதால ரேம் விலை தாறுமாறா ஏறிக் கெடக்கு, டிடிஆர்4ம் தப்பல. பட்ஜெட் ரொம்ப இடிச்சா ரேமை செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம், பயப்பட வேண்டாம், ரேம் அவ்ளோ சீக்கிரம் கெட்டுப்போற பொருள் இல்ல. வாங்கினதும் ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி பூரா ஓட விட்டு ஒரு எரர்கூட வரலேன்னா வச்சுக்கங்க, ஒண்ணு வந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கவே கூடாதுன்னு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, பவர் சப்ளை. கேபினெட்டோட ஃப்ரீயா வர்றதையும் அதே லிஸ்ட்ல சேத்துக்கங்க. கம்மி பட்ஜெட்ல முதல்ல கத்தி விழறது இதுலதான், ஏன்னா இது வேகமா ஓடுறதும் இல்ல, லைட்டு மின்னறதும் இல்ல, "500 வாட்"னு பெருசா போட்டிருந்தா அது போதும்னு தோணிடும். அந்த பெரிய எழுத்தைப் பாக்காதீங்க, பக்கவாட்டுல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்க. +12வின்னு ஒரு கட்டம் இருக்கும், அதுக்கு கீழ ஆம்பியர் போட்டிருப்பாங்க, அதை 12ஆல பெருக்குங்க. ஒழுங்கான 450 வாட் சப்ளைல 36 ஆம்பியர் கிட்ட இருக்கும், பெருக்கினா 432 வாட், சரியா வருது. பேருக்கு 500 வாட்னு விக்கிற மட்டமானதுல 20 ஆம்பியர்னு இருக்கும், பெருக்கினா 240தான் வருது. மிச்சம் எங்கேன்னா 5 வோல்ட், 3.3 வோல்ட் கட்டத்துல கணக்கு காட்டியிருப்பாங்க, இன்னைக்கு இருக்கிற பிசில ப்ராசசரும் கார்டும் இழுக்கிறது எல்லாமே 12 வோல்ட்ல இருந்துதான், அந்த மிச்சம் உங்களுக்கு எதுக்குமே ஆகாது.

80 ப்ளஸ் ப்ரான்ஸ் ஸ்டிக்கர் இருந்தா நல்லதுதான், பாதி லோடுல 85 சதவீதம் எஃபிஷியன்சி வரணும்னு அதுக்கு ஒரு அளவு இருக்கு. ஆனா அந்த ஸ்டிக்கர் எஃபிஷியன்சியை மட்டும்தான் சொல்லுது, ஷார்ட் சர்க்யூட் ஆனா கட் ஆகுமா, வோல்டேஜ் ஏறினா தானா நிக்குமா, உள்ள கெப்பாசிட்டர் தரமானதான்னு எல்லாம் அது சொல்லாது. ஓசிபி (கரண்ட் ஏறினா), ஓவிபி (வோல்டேஜ் ஏறினா), ஓபிபி (லோடு ஏறினா), எஸ்சிபி (ஷார்ட் ஆனா) கட் பண்ற இந்த நாலு பாதுகாப்பும் இருக்கான்னு ஸ்பெக் ஷீட்ல தேடுங்க, வாரண்டி அஞ்சு வருஷம் குடுக்கிறானான்னு பாருங்க, முடிஞ்சா அந்த மாடலை யாராவது லோடு டெஸ்ட் பண்ணி எழுதியிருக்காங்களான்னு படிங்க. எத்தனை வாட் வேணும்னா, டிடிபி 65னு போட்டிருந்தாலும் 5600ஜியை எவ்ளோ அழுத்தினாலும் அது கரண்ட் இழுக்கிற லிமிட் 88 வாட், இன்னைக்கு மொத்த பிசியும் 150 வாட்டைத் தாண்டறதே கஷ்டம். நாளைக்கு ஆர்எக்ஸ் 6600 மாதிரி 132 வாட் கார்டு போட்டாலும் 300க்குள்ள அடங்கிடும். அதனால மட்டமான 650ஐ விட நல்ல 450, 550 எவ்வளவோ மேல். ப்ராசசரும் போர்டும் நாலு வருஷத்துல மாறிடும், நல்ல சப்ளை அதுக்கு அப்புறமும் அடுத்த பிசிக்கு வந்து நிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் மிஷின்ல கேபினெட்டோட வந்த சப்ளை போறப்ப போர்டையும் கூட்டிட்டுப் போச்சு, அந்தப் பையன் ப்ராஜெக்ட் ஃபைலெல்லாம் இருந்த டிஸ்கும் போயிடுச்சு, அதனாலதான் இதை இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

மதர்போர்டுல விரலுக்கேத்த வீக்கம் போதும். 5600ஜிக்கு ஏ520 சிப்செட் போர்டு தாராளம், ஓவர்க்ளாக் பண்ண முடியாது ஆனா எக்ஸ்எம்பி ஓடும், இந்த பட்ஜெட்ல வேற என்ன வேணும். பி550ல நீங்க கூட காசு குடுக்கிறது பெரும்பாலும் பிசிஐஇ 4.0க்குத்தான், அது இந்த ப்ராசசர்ல வேலை செய்யாதுன்னு மேலயே சொன்னேன், ஆனா ஒருநாள் 5700எக்ஸ்3டி மாதிரி வேற ப்ராசசர் எதையாவது செகண்ட் ஹேண்ட்ல மாத்தற ஐடியா இருந்தா, விலை வித்தியாசமும் சின்னதா இருந்தா, பி550 எடுங்க, அதுல விஆர்எம்க்கு (ப்ராசசருக்கு போற கரண்டை சீராக்கற பகுதி) மேல ஹீட்சிங்க் இருக்கிற மாடலா பாத்து எடுங்க. பழைய ஸ்டாக் பி450 சீப்பா கெடைக்குதுன்னா பயாஸ் அப்டேட் ஆகியிருக்கான்னு கேட்டுட்டு வாங்கணும், இல்லேன்னா ப்ராசசரை மாட்டினாலும் டிஸ்ப்ளே வராது. ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவ்ல பயாஸ் ஏத்தற ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தா கவலை இல்ல. பின்னாடி எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எது இருக்கு, உங்க மானிட்டர்ல எது இருக்குன்னும் ஒரு தடவை பாத்துக்கங்க, கார்டு இல்லாத பிசில அந்த போர்ட்தான் உங்களுக்கு எல்லாமே.

எஸ்எஸ்டிக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம், எம்.2 என்விஎம்இ 500 ஜிபி, டிஎல்சி மெமரி இருக்கிறதா எடுங்க, கியூஎல்சி நெறைய எழுத எழுத ஸ்பீடு படுத்துடும். பிசிஐஇ 4.0 டிரைவ் வாங்கினாலும் இதுல 3.0 ஸ்பீட்லதான் ஓடும், விநாடிக்கு 3500 எம்பி கிட்ட, விலை ஒண்ணா இருந்தா வாங்குங்க, அதுக்குன்னு எக்ஸ்ட்ரா குடுக்காதீங்க. கேபினெட் முன்னாடி கண்ணாடி அடைச்சு வச்சது வேண்டாம், காத்து போற வலை இருக்கிறதா பாத்து ரெண்டு ஃபேன் வந்தா போதும்.

நீங்களே மாட்டப் போறீங்கன்னா கூலர்ல ஒரு விஷயம். ரெய்த் ஸ்டெல்த்ல க்ளிப் கெடையாது, நாலு ஸ்க்ரூ. போர்டுல சாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் கருப்பு பிளாஸ்டிக் பிடி இருக்கும், அதைக் கழட்டினாதான் ஸ்டெல்த் உக்காரும், கழட்டுற அந்த நேரம் பின்னாடி இருக்கிற மெட்டல் பிளேட் பொத்துன்னு கீழ விழுந்துடும். அதைக் கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, இல்ல போர்டை பாக்ஸ் மேல படுக்க வச்சுக்கிட்டு வேலை பாருங்க. ஸ்க்ரூவை எதிர் எதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, ஒரு பக்கம் முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்கு போனா சாஞ்சு உக்காரும். சூட்டைக் கடத்தற பேஸ்ட் கூலர் அடியிலயே தடவி வந்திருக்கும், விரல் படாம பாத்துக்கங்க. பின்னாளில கூலரைக் கழட்டற வேலை வந்தா பிசியை கொஞ்ச நேரம் ஓட விட்டு சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, லேசா இடம் வலமா திருப்பி எடுங்க, நேரா இழுத்தா காஞ்ச பேஸ்ட் ப்ராசசரையும் சாக்கெட்ல இருந்து புடுங்கிட்டு வரும். 5600ஜி உக்கார்ற ஏஎம்4 சாக்கெட்ல பின் எல்லாம் ப்ராசசர்லதான் இருக்கு, ஒண்ணு வளைஞ்சாலும் நிமித்தறதுக்குள்ள உயிர் போயிடும்.

இன்னும் ரெண்டு குறை சொல்லணும். ஏவி1ங்கிற புது ஃபார்மட் வீடியோவை இந்த வேகா ஹார்டுவேர்ல டீகோட் பண்ணாது, ப்ராசசர்தான் அந்த வேலையைச் செய்யும், ஆறு கோர் இருக்கிறதால 1080பில தெரியாது, ஃபேன் சத்தம் மட்டும் கொஞ்சம் ஏறும். அடுத்தது, 2023 கடைசிலேயே ஏஎம்டி வேகாவுக்கான டிரைவர் அப்டேட்டை குறைச்சுட்டாங்க, செக்யூரிட்டி, முக்கியமான ஃபிக்ஸ் இது மட்டும்தான் வரும், புது கேமுக்குன்னு ஸ்பெஷலா எதுவும் எதிர்பாக்காதீங்க. லினக்ஸ் யூஸ் பண்றவங்களுக்கு இந்தக் கவலை கம்மி, டிரைவர் கர்னல்லயே இருக்கு, மாட்டினதும் ஓடும்.

காசு இன்னும் கொஞ்சம் கூட போடலாம்னு இருக்கிறவங்க அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5ல 8600ஜியைப் பாருங்க, உள்ள இருக்கிற கிராபிக்ஸ் வேகாவை விட நல்லாவே முன்னாடி, அந்த சாக்கெட்ல இன்னும் புது ப்ராசசரும் வரும். ஆனா டிடிஆர்5 ரேமும் ஏஎம்5 போர்டும் சேந்து வர்ற மொத்தத்தைக் கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, பல சமயம் அந்த வித்தியாசத்துக்கு 5600ஜி பிசிக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டே வந்துடும்.

அந்தக் கார்டு வாங்கற நாள் வந்தா, கம்மியா கெடைக்குதுன்னு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் போயிடாதீங்க. அதுல நாலு பிசிஐஇ லேன் (பாதை)தான் இருக்கு, பிசிஐஇ 4.0லயே தம் கட்டி ஓடுற கார்டு, 5600ஜியோட 3.0ல மாட்டினா விநாடிக்கு 4 ஜிபி கிட்டதான் போகும், மெமரியும் 4 ஜிபிதான், அது நெறைஞ்சதும் கேம் திக்கித் திக்கி நிக்கும். வீடியோ என்கோடரும் (வீடியோ ரெக்கார்டிங்குக்கு உதவற பகுதி) அதுல கெடையாது. ஆர்எக்ஸ் 6600ல எட்டு லேன், 8 ஜிபி மெமரி, 3.0ல போட்டாலும் இழப்பு ரொம்ப சின்னது, இந்த ப்ராசசருக்கு அதுதான் பொருத்தமான ஜோடி. அதுக்கு 8 பின் பவர் வேணும், அதனால இன்னைக்கு பவர் சப்ளை எடுக்கிறப்பவே 6+2 பின் கேபிள் ஒண்ணாவது இருக்கான்னு பாக்ஸ் பின்னாடி பாத்துட்டு எடுங்க. கார்டு மாட்டினதும் மானிட்டர் கேபிளை போர்டுல இருந்து உருவி கார்டுல சொருகுங்க, இல்லேன்னா கேம் எல்லாம் இன்னும் வேகாலயே ஓடிட்டு இருக்கலாம்.